பத்து ரூபாய்க்குத் திரும்பும் பாட்டில்: நீலகிரித் திட்டம் பற்றி ஒரு மதிப்பீடு

டாஸ்மாக் கடைகளில் காலி மது பாட்டில்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் சேவையை, அரசு மது விற்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு, காட்டுக்கு அதனால் என்ன பயன் என்ற ஒரே கேள்வியை வைத்து இங்கே பார்க்கிறேன். காட்டோரங்களில் வீசப்பட்ட பாட்டில்கள் உடைந்து யானை உள்ளிட்ட விலங்குகளின் கால்களைப் பதம் பார்த்ததால் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022 மே மாதம் நீலகிரியில் இந்தத் திட்டம் தொடங்கியது. பிறகு பெரம்பலூர், கோயம்புத்தூர் எனப் பிற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

நடைமுறை எளிது. வாங்கும்போது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்குகிறார்கள். அடையாளமுள்ள காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கிறது. கொண்டுவருபவர் வாங்கியவராகவே இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். குடித்தவர் பொறுப்பில்லாமல் சாலையோரம் எறிந்துவிட்டுப் போனாலும், பழைய இரும்புக் கடையில் சில்லறைகூடத் தேறாத ஒரு குவார்ட்டர் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால், அதைக் குனிந்து எடுக்க ஒருவர் வந்துவிடுகிறார். 'குப்பை போடாதீர்' என்று மலைப்பாதை நெடுகிலும் ஆண்டுக்கணக்கில் நின்ற பலகைகளால் ஆகாத காரியம் இது. நீலகிரியில் விற்ற பாட்டில்களில் 90 சதவீதத்துக்கு மேல் கடைக்குத் திரும்பின.

யானையின் பாதம் தடித்ததுபோலத் தோன்றினாலும், டன் கணக்கான எடையைத் தாங்குவதற்காக அதன் அடிப்பகுதி மெத்தைபோல அமுங்கி விரிவது. அதற்குள் ஏறிய கண்ணாடிச் சில்லு அங்கேயே தங்கிச் சீழ் பிடித்தால், தீவனத்துக்கும் தண்ணீருக்கும் நாள்தோறும் நெடுந்தூரம் நடந்தாக வேண்டிய விலங்கு நடை தளர்ந்து மெலிகிறது. காட்டு யானை என்பதால் மயக்க ஊசி போடாமல் காயத்தைப் பார்க்கக்கூட முடியாது.

குறைகளுக்கு வருவோம். சுமை முழுவதும் கடை ஊழியர் தலையில் விழுகிறது. ஸ்டிக்கர் ஒட்டுவது, காலி பாட்டிலை எண்ணி வாங்குவது, மூட்டை மூட்டையாகச் சேர்வதை அடுக்க இடம் தேடுவது என எல்லாவற்றையும் விற்பனைக்கு நடுவிலேயே செய்ய வேண்டியிருப்பதாக ஊழியர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தது நியாயமே. எல்லைச் சிக்கலும் இருக்கிறது. கேரளமும் கர்நாடகமும் ஒட்டியிருக்கும் கூடலூர்ப் பகுதியில், வெளி மாநிலத்திலிருந்து காரில் வரும் பாட்டிலுக்கு இங்கே பத்துப் பைசா மதிப்பில்லை. யானையோ மாநில எல்லை பார்த்து நடப்பதில்லை. கேரள அரசு 2025 செப்டம்பரில் 20 ரூபாய் வைப்புத்தொகையுடன் இதேபோன்ற திட்டத்தைத் தொடங்கியபோது, திருவனந்தபுரத்திலும் கண்ணூரிலும்தான் சோதனை நடத்தியது. காட்டோரமுள்ள வயநாடு அதில் இல்லை.

எனக்குள்ள முதன்மையான மனக்குறை, கல்லாவைத் தாண்டிய பிறகு பாட்டிலுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றியது. பயன்படுத்திய பொருளையே மறுபடி மறுபடி பயனுக்குக் கொண்டுவரும் சுழற்சிப் பொருளாதாரம் என்றால் பொருளைச் சேகரிப்பதோடு வேலை முடிவதில்லை. கழுவி மறுபடி நிரப்பினால் பாட்டில் பாட்டிலாகவே இருக்கும். நொறுக்கினாலோ ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் புதுக் கண்ணாடிக்காகச் சிலிக்கா மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும், அந்த நிலத்திலும் உயிர்கள் வாழ்கின்றன. ஜெர்மனியில் ஒருமுறை பயன்பாட்டு பாட்டிலுக்கு 25 சென்ட் வைப்புத்தொகையும், மீண்டும் நிரப்பும் சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட்டும் வாங்குகிறார்கள். எது மறுபடி நிரப்பப்படும், எது உருக்கப்படும் என்ற வேறுபாடு வாங்கும் இடத்திலேயே தெரிந்துவிடுகிறது. இங்கே பாட்டில் கைமாறும்போது எல்லாவற்றுக்கும் ஒரே பத்து ரூபாய்தான். திரும்பியவற்றில் எத்தனை மறுபடி நிரப்பப்பட்டன என்ற கணக்கை மாவட்டவாரியாகக் கடை வாசலில் எழுதிப் போட அரசுக்குப் பெரிய செலவு ஆகிவிடாது.

சேகரிப்புக்கு மட்டும் மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். முழுச் சுழற்சிக்கு என்றால் மூன்றுக்கு மேல் தர மனம் வரவில்லை. பாட்டிலோடு வாங்கிச் செல்லும் பிளாஸ்டிக் டம்ளரும் நொறுக்குத்தீனிப் பொட்டலமும் இந்தத் திட்டத்துக்குள் வரவே இல்லை. உப்பு வாசனைக்காக மானும் குரங்கும் வாயில் வைப்பது அந்தப் பொட்டலத்தைத்தான்.