மியூச்சுவல் 38 பேர் என்று காட்டியது, ஒருவருக்கும் அவரைத் தெரியாது

சேலம் லீ பஜாரில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கிறவன் நான். சரக்கில் பாதிக்கு மேல் ஏற்காட்டுச் சிறு தோட்டங்களில் இருந்து இறங்குகிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் யோசித்தேன். 42,000 ரூபாய் ஏமாந்ததை ஊருக்குச் சொல்ல வெட்கம். அதோடு போயிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் என் பெயரைப் பார்த்து நம்பி இன்னொருவரும் ஏமாந்தார், என்னைவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதனால் எழுதுகிறேன்.

வேலை, வியாபாரத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் வலைத்தளத்தில் என்னைச் சேர்த்துவிட்டது தங்கச்சி மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான். "ஏற்றுமதி பண்ணணும்னு சொல்றீங்களே மாமா, வாங்குற ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க" என்றான். சேர்ந்த புதிதில் என் பக்கத்தில் 12 தொடர்பு என்று காட்டியது. எனக்குத் தெரிந்த புரோக்கர் ஒருவருக்கு 500+ என்று இருந்தது. 500 தாண்டிவிட்டால் சரியான எண்ணிக்கையைக் காட்டாமல் 500+ என்று மட்டும் நிற்கும். அதைப் பார்த்தால் பெரிய ஆள் மாதிரி தெரியும். எனக்கும் அந்த ஆசை வந்தது. வந்த அழைப்பை எல்லாம் ஏற்றுக்கொண்டே போனேன். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவன் வருகிறவர் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்கிறானா? அப்படித்தான். ஒரு வருடத்தில் 900 பேரைத் தாண்டிவிட்டது.

தை மாதக் கடைசியில், மலையில் மிளகு பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம், ஓர் அழைப்பு வந்தது. துபாயில் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர் என்று போட்டிருந்தது. (அந்த நிறுவனத்துக்கும் இந்த மோசடிக்கும் சம்பந்தமில்லை, அவர்கள் பெயரைத் திருடியிருக்கிறான். அதனால் பெயர் சொல்லவில்லை.) 11 வருட அனுபவம், கோட் போட்ட போட்டோ, கீழே மியூச்சுவல் 38 பேர், அதாவது எனக்கும் அவனுக்கும் பொதுவான தொடர்புகள். அந்த 38-ல் ஈரோட்டு மஞ்சள் வியாபாரி ஒருவர், தூத்துக்குடி ஷிப்பிங் ஆட்கள் இரண்டு பேர், நம் பஜார் ஆட்களே நாலைந்து பேர். இத்தனை பேருக்குத் தெரிந்தவர் என்றால் சரியான ஆளாகத்தான் இருப்பார் என்று ஏற்றுக்கொண்டேன்.

மறுநாளே பேச ஆரம்பித்தான். ஏற்காட்டு மிளகு மாதம் 5 டன் வேண்டும் என்றான். நான் சொன்ன விலைக்குப் பேரமே பேசவில்லை. லெட்டர்ஹெட்டில் சீல் வைத்து பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பினான். அப்புறம் சப்ளையராகப் பதிவு செய்ய 18,500 ரூபாய், முதல் பில்லில் கழித்துத் தந்துவிடுவோம் என்றான். கட்டினேன். அடுத்த வாரம் லேப் டெஸ்ட்டுக்கு 23,500. அதையும் கட்டினேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யுபிஐயில் பணம் போடும்போது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். பார்த்தேன், கேட்கவும் கேட்டேன். "அவர் எங்கள் இந்திய ஏஜென்ட்" என்று பதில் வந்தது. சரி என்று பட்டனை அழுத்திவிட்டேன். இமெயிலும் அப்படித்தான். அந்த நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு இன்னொரு வார்த்தை ஒட்டியிருந்தது. நிஜமான வலைத்தளத்தைத் திறந்து ஒரு தடவை ஒப்பிட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இதைவிட எனக்கு இன்றைக்கும் ஆறாதது வேறு. மிளகு வாங்குகிறவன் முதலில் என்ன கேட்பான்? லிட்டர் வெயிட் என்ன என்று கேட்பான். ஒரு லிட்டர் அளவுப் படியில் மிளகை நிரப்பி எடை போட்டால் 500 கிராம் நிற்கிறதா, 550 நிற்கிறதா என்பதை வைத்துத்தான் விலையே. காய் முற்றிப் பறித்ததா, உள்ளே சத்து இருக்கிறதா, சண்டு (உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மிளகு) கலந்திருக்கிறதா, எல்லாம் அந்த ஓர் எண்ணில் வந்துவிடும். அடுத்தது ஈரப்பதம். சரியாகக் காயாத மிளகு கப்பலில் போய்ச் சேருவதற்குள் பூஞ்சை பிடிக்கும். வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தே ஈரம் சொல்கிற கிழவர்கள் எங்கள் பஜாரில் இருக்கிறார்கள். இந்த ஆள் ஐந்து வாரத்தில் லிட்டர் வெயிட் என்ற வார்த்தையைக்கூடச் சொல்லவில்லை. "பிரீமியம் குவாலிட்டி", "பெஸ்ட் குவாலிட்டி", அவ்வளவுதான். நானும் 22 வருடமாக இதே தொழிலில் இருக்கிறவன். துபாய் என்ற பெயரும் 38 என்ற எண்ணும் கண்ணை மறைத்துவிட்டன.

மூன்றாவதாக கஸ்டம்ஸ் பாண்டு என்று 60,000 கேட்டபோதுதான் தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த கிளியரிங் ஏஜென்டைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார். "சரக்கு வாங்குதவன் உங்ககிட்ட துட்டு கேப்பானா அண்ணாச்சி?" அவ்வளவுதான் கேட்டார். ஏற்றுமதி, இறக்குமதி செய்கிறவர்களுக்கு அரசு தருகிற ஐஇசி எண்ணை வாங்க அரசு வாங்குகிற கட்டணம் 500 ரூபாய். நறுமணப் பொருள் ஏற்றுமதியாளர் பதிவுக்கு ஸ்பைசஸ் போர்டில் நாமே நேராக விண்ணப்பித்துக் கட்டுகிறோம். நடுவில் வாங்குகிறவனுக்கு என்ன வேலை? எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

உடனே 1930-க்குக் கூப்பிட்டேன். சைபர் மோசடிக்கு நாடு முழுவதற்கும் ஒரே எண் அது. புகார் எண் கொடுத்தார்கள். முதல் தொகை முழுதாகப் போய்விட்டது. இரண்டாவதில் 11,000 மட்டும் ஒரு கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. பணம் ஒரு கணக்கில் இருந்து அடுத்ததற்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் பிடிக்க முடியும். நான் ஒன்பது நாள் கழித்துச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் ஏற்காட்டுத் தோட்டக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவனுடைய போட்டோவைப் போட்டு, இந்த ஆளை நம்பாதீர்கள் என்று எழுதினேன். பத்து நிமிடம் ஆகவில்லை, போன் வந்தது. மலையில் மூன்று ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிற அக்கா. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏற்றி, கீழே காப்பிச் செடி. வீட்டுக்காரர் போன பிறகு தனியாகப் பார்த்துக்கொள்கிறார். பத்து வருடமாக அவர் மிளகை நான்தான் எடுக்கிறேன். எடுத்த எடுப்பில் குரல் நடுங்கியது.

"தம்பி, நீங்க போட்டிருக்கிற ஆளு… உங்களுக்குத் தெரிஞ்சவர் இல்லீங்களா?"

"இல்லைங்கக்கா. ஏன்?"

"உங்க பேரு இருந்துச்சுங்களே தம்பி. அதைப் பார்த்துத்தானே நான் ஒத்துக்கிட்டேன்."

1,60,000 ரூபாய். மூன்று தவணை. கடைசித் தவணைக்கு வளையலை அடகு வைத்திருக்கிறார். நேராக வெளிநாட்டுக்கு விற்றால் கிலோவுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அவன் சொல்லியிருக்கிறான். நடுவில் இருக்கிற என்னை விட்டுவிட்டு விற்பது என்பதால் என்னிடம் சொல்ல அவருக்குச் சங்கடம். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. "அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்" என்று எழுதியே இருக்கிறான். என் பெயரைக் காட்டியே நம்ப வைத்தான், அதே பெயரைச் சொல்லியே வாயையும் அடைத்துவிட்டான்.

அக்காவை அவன் எப்படிப் பிடித்தான் என்று அப்புறம்தான் புரிந்தது. நாம் ஒருவரை ஏற்றுக்கொண்டால், நம் தொடர்புகளின் பட்டியலை அவர் திறந்து பார்க்கலாம். நாமாகப் போய் மறைத்தால் ஒழிய அப்படித்தான் இருக்கும். என் பட்டியலில் தோட்டக்காரர்கள் யார், கடைக்காரர்கள் யார் என்று வரிசையாகப் பார்த்திருப்பான். வீட்டுச் சாவியைக் கொடுக்கவில்லை, ஆனால் பக்கத்து வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்த இரண்டு நாள் அந்த 38 பேரில் எனக்குப் போன் நம்பர் தெரிந்த 14 பேரையும் கூப்பிட்டேன். ஒருவர்கூட அவனை நேரில் பார்த்ததில்லை, போனில் பேசியதில்லை. ஏன் ஏற்றீர்கள் என்று கேட்டால், "இவர் இருந்தார், அவர் இருந்தார்" என்கிறார்கள். ஈரோட்டு மஞ்சள் வியாபாரி சொன்னதுதான் உச்சம். "நீங்க இருந்தீங்க, அதனாலதான்." நான் அவரைப் பார்த்து ஏற்றேன். அவர் என்னைப் பார்த்து ஏற்றிருக்கிறார். எங்கள் இருவரில் யார் முதலில் என்று தேதியைத் தேடிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

பஜாரில் புது ஆளுக்குக் கடன் கொடுப்பதென்றால் யாராவது ஒருவர் கூட வந்து, "நம்ம ஆளுதான், கொடுங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். நாளைக்கு அவன் ஓடிவிட்டால் சொன்னவர் முகத்தில் விழிக்க முடியாது. அதனால் யோசித்துத்தான் சொல்வார். லிங்க்ட்இன்னில் நான் எதையும் சொல்லவில்லை, என் பெயர் சும்மா அங்கே நின்றது. அக்காவுக்கோ நான் பக்கத்தில் நின்று கை காட்டிய மாதிரி இருந்திருக்கிறது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று சொல்ல மாட்டேன். யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

யாருடைய பக்கத்திலும் மோர் என்ற பட்டனை அழுத்தினால் 'அபவுட் திஸ் ப்ரொஃபைல்' என்று ஒன்று வரும். 2022 அக்டோபரில் கொண்டுவந்தார்கள். அந்தக் கணக்கு எந்த மாதம், எந்த வருடம் தொடங்கியது என்று அதில் இருக்கும். 11 வருட அனுபவம் என்று போட்டிருந்தவனின் கணக்கு தொடங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. பார்க்க ஐந்து வினாடி ஆகும். நான் பார்த்தது பணம் போன பிறகு.

சரிபார்ப்பு அடையாளம் இருந்தால் நல்லதுதான், ஆனால் எதைச் சரிபார்த்தார்கள் என்று அதைத் தொட்டுப் பாருங்கள். இந்தியாவில் டிஜிலாக்கர் வழியாக அடையாளம் சரிபார்க்கலாம். அது அந்தப் பெயரில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார் என்பதற்குத்தான். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறாரா என்பது வேறு. அதற்குக் கம்பெனி இமெயிலுக்கு எண் அனுப்பிச் சரிபார்க்கிற முறை தனியாக இருக்கிறது.

போட்டோவை நம்பவே நம்பாதீர்கள். 2022-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரெனே டிரெஸ்டா என்ற ஆய்வாளருக்கு லிங்க்ட்இன்னில் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. போட்டோவில் ஒரு காதில் மட்டும் கம்மல், கண்கள் படத்தின் நட்ட நடுவில். சந்தேகப்பட்டு அவரும் கூட இருந்தவரும் தோண்டினால், கம்ப்யூட்டர் உருவாக்கிய முகம் போட்ட கணக்குகள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. இத்தனைக்கும் அவை பெரும்பாலும் திருட்டுக்குக்கூட இல்லை, ஆள் பிடித்து விற்பனை பேசுவதற்கு. என்னை ஏமாற்றியவன் அந்தச் சிரமமும் படவில்லை. கூகுள் லென்ஸில் போட்டால் அதே கோட்டுக்காரர் நாலு வேறு பெயரில் நாலு விளம்பரத்தில் நிற்கிறார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என் பட்டியலைக் கழித்தேன். 900 சொச்சத்தில் இப்போது 210 இருக்கிறது. நீக்கினால் அவர்களுக்குத் தகவல் போகாது, அழைப்பை இக்னோர் செய்தாலும் போகாது. முகதாட்சண்யம் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்கும் அந்த நோய் உண்டு. என் தொடர்புப் பட்டியலை மற்றவர்கள் பார்க்க முடியாதபடி செட்டிங்ஸில் விசிபிலிட்டி பகுதியில் மாற்றிவிட்டேன். இமெயிலையும் மறைத்துவிட்டேன். ஆனால் மியூச்சுவலாக இருக்கிறவர்களின் பெயர் இதற்கு அப்புறமும் தெரியும். அதனால் கதவை மறைப்பதைவிட உள்ளே யாரை விடுகிறோம் என்பதுதான் வேலை.

தெரியாதவர் யாரையுமே சேர்க்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். கொச்சியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறவர், முன்பின் தெரியாதவர், மிளகு காயவைப்பதைப் பற்றி நான் கேட்ட சந்தேகத்துக்கு அரை மணி நேரம் போனில் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர் அழைப்போடு நாலு வரி எழுதியிருந்தார், என்னிடம் எதையும் விற்கவில்லை. இப்போது யார் அழைத்தாலும் முதலில் ஒரு செய்தி அனுப்புகிறேன், நாம் எங்கே சந்தித்தோம், என்ன விஷயம் என்று. பாதிப் பேர் பதிலே போடுவதில்லை. மிளகு வேண்டும் என்கிறவரிடம் லிட்டர் வெயிட் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்கிறேன். ஒருவர் "ஒரு லிட்டர் போதும்" என்றார்.

அக்காவையும் 1930-க்குக் கூப்பிட வைத்தேன். லீ பஜார் மாநகரக் காவலுக்குள் வருவதால் என் புகார் மாநகர சைபர் கிரைமில், ஏற்காடு மாவட்டக் காவலுக்குள் வருவதால் அவருடையது மாவட்ட சைபர் கிரைமில். இரண்டிலும் ஒரே ஆள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அவனைப் பற்றி லிங்க்ட்இன்னுக்கு ரிப்போர்ட் செய்தோம், அந்தக் கணக்கு இப்போது இல்லை. அக்காவின் வளையலை நான் மீட்டுத் தருகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த வருட மிளகில் என் கமிஷனை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கும் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன வாரம் புதிதாக ஓர் அழைப்பு வந்தது. சிங்கப்பூர், காப்பி இறக்குமதி, மியூச்சுவல் 6 பேர். முதல் பெயர் எங்கள் வரிசையிலேயே நாலு கடை தள்ளி இருக்கிற பையன். போன் பண்ணாமல் நடந்தே போய்க் கேட்டேன். மூட்டைக்குச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தான்.

"யாருன்னு எனக்குத் தெரியாதுங்கண்ணா" என்றான். "காப்பின்னு போட்டிருந்துச்சு. உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கும்னு நினைச்சேன்."