ஈரமான ஏப்ரலில் எந்த மலை?

தென் வேல்ஸில் குழுவாக மலை ஏறத் திட்டமிடுபவர்கள் முதலில் உயரத்தைப் பார்க்கிறார்கள். நான் கேட்பது வேறு: கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் பாதி வழியில் "எனக்குப் போதும்" என்றால் அவர் எப்படித் திரும்புவார்? பெருமழை இல்லாமல், ஆனால் காலையிலிருந்து எல்லாம் நசநசவென்று இருக்கும் ஏப்ரல் நாளில் இதற்கு விடை சொல்லும் மலைதான் நல்ல மலை.

பெரும்பாலோர் நேராகப் பென் எ வானுக்குப் போகிறார்கள். 886 மீட்டர்; பிரிட்டனின் தென்பகுதியில் அதைவிட உயரம் கிடையாது. கார் இல்லாதவர்களுக்கு மலையடிவாரத்தில் இருக்கும் ஸ்டோரி ஆர்ம்ஸ் வரை டி4 பஸ் உண்டு. அருகிலுள்ள பொன்ட் ஆர் டாவிலிருந்து கல் பாவிய அகலமான பாதை, போய்வர ஆறரை கிலோமீட்டர், ஏறத்தாழ 450 மீட்டர் ஏற்றம். மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணக்கிட 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி என்கிறது. அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரம்தான். ஒருவர் மூக்குக்கண்ணாடி துடைக்க, இன்னொருவர் பையின் அடியிலிருந்து மழைச்சட்டையை உருவ, மற்றவர்கள் நின்று குளிரில் விறைக்கும் நேரம் அதில் இல்லை. பன்னிரண்டு பேர் என்றால் மூன்றரை மணி வைத்துக்கொள்ளுங்கள்.

வந்த பாதையிலேயே இறங்கலாம் என்பது இதன் பெரிய பலம். சிக்கல் உச்சியில்தான். கார்டிஃபில் 11 டிகிரி என்றால் அங்கே ஐந்தோ ஆறோ இருக்கும். காற்றும் சேர்ந்தால் ஈர உடைக்குள் உடம்பு வெகு சீக்கிரம் நடுங்கத் தொடங்கும். உச்சி தட்டையானது, வடபுறம் செங்குத்தான சரிவு. மேகம் இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் வந்தோம் என்பதே குழம்பும். 1900இல் காணாமல் போன ஐந்து வயது டாமி ஜோன்ஸின் நினைவுத்தூண் பக்கத்து முகட்டில் நிற்கிறது. இத்தனைக்கும் காட்சி எதுவும் தெரியாது. பெயர்ப்பலகையோடு படம் எடுக்க வரிசை மட்டும் இருக்கும்.

"அப்படியானால் தாழ்வாகவே நடப்போம்" என்பவர்கள் இஸ்ட்ராட்ஃபெல்ட்டே பக்கத்து நான்கு அருவிகளைச் சொல்வார்கள். மழைக்குப் பின் அந்தப் பள்ளத்தாக்கு அழகின் உச்சம்தான்: பாசி போர்த்திய ஓக் மரங்கள், ஸ்கூட் எர் எய்ரா அருவியில் விழும் நீருக்குப் பின்னாலேயே நடக்கும் வழி. ஆனால் தாழ்வு என்பதால் பத்திரம் என்று நம்ப வேண்டாம். வேர்களும் படிகளும் எண்ணெய் பூசியதுபோல் வழுக்கும். ஆற்றங்கரைக்குச் செங்குத்தாக இறங்கியவர், முழங்கால் வலித்தாலும் அதே படிகளில் ஏறியே தீரவேண்டும். குறுகிய பாதையில் கூட்டம் நீண்டுவிடும். அருவி இரைச்சலில் பின்னால் இருப்பவர் கூப்பிடுவது காதில் விழாது. நாலைந்து பேருக்கு ஏற்ற இடம், பன்னிரண்டு பேருக்கு இல்லை.

அபர்கவென்னி என்ற ஊருக்கு மேலே 596 மீட்டர் உயரமுள்ள சுகர் லோஃப் நல்ல மலை, ரயிலில் வந்தே ஏறலாம். அதன் பிரச்சினை பாதை மிகுதி. மூடுபனியில் ஒவ்வொரு பிரிவிலும் ஆளுக்கொரு வழி காட்டுவார்கள்.

என் வாக்கு ஊருக்கு மறுபுறம் இருக்கும் ஸ்கிரிட்டுக்கு. 486 மீட்டர்தான். காட்டுக்குள் ஏறி, முகட்டின் தென்முனையைப் பிடித்து, வடமுனை உச்சிவரை ஒரே கோடாக நடக்க வேண்டியது. களைத்தவர் துணையோடு வந்த வழியே திரும்பலாம், வழி குழம்பாது. மேகம் மூடினாலும் பார்க்க ஏதாவது மிஞ்சும். கடினமான மணற்பாறைக்கு அடியில் வலுவற்ற சேற்றுப்பாறை இருந்ததால் மலையின் மேற்குப்புறம் சரிந்து விழுந்த இடம் அருகிலேயே தெரிகிறது. இயேசு சிலுவையில் அறையப்பட்ட நாளில் பிளந்தது என்பது ஊர்க்கதை. உச்சியில் புனித மைக்கேல் சிற்றாலயத்தின் எச்சமாக இரண்டு கற்கள் நிற்கின்றன. இந்த மண்ணைப் புனிதமென்று ஒரு காலத்தில் வயல்களில் தூவ எடுத்துச் சென்றார்களாம். இப்போது பூட்ஸோடு இலவசமாக வீட்டுக்கே வந்துவிடுகிறது: இறங்கும்போது சேறு மோசம், ஊன்றுகோல் அவசியம்.

ஒரே ஒரு நிலையில் முடிவை மாற்றுவேன். மலை வானிலை அறிக்கை மேகத்தின் அடி 900 மீட்டருக்கு மேல் இருக்கும், காற்றும் அடங்கும் என்றால், விடியலிலேயே கிளம்பிப் பென் எ வானுக்குப் போவேன். தாமதித்தால் கார் நிறுத்த இடம் கிடைக்காது.