பெருந்தொற்றுக்கு மதிப்பெண் போட்ட மூன்று தளங்கள்: ஒரு மதிப்புரை

கொரோனாவை எந்த நாடு திறமையாகக் கட்டுப்படுத்தியது என்பது, பாளையங்கோட்டைக் கல்லூரி மாணவர்களின் பேச்சுப் போட்டிக்கும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் கட்டுரைப் பயிற்சிக்கும் இன்றும் தோதான தலைப்பு. ஆதாரம் கேட்டு வருகிறவர்களுக்கு நான் காட்டுகிற தளங்கள் மூன்று. ஆஸ்திரேலிய ஆய்வு நிறுவனமான லோவி இன்ஸ்டிடியூட் 2021 ஜனவரியில் வெளியிட்ட தரவரிசை ஒன்று. நிதிச் செய்தி நிறுவனமான புளூம்பெர்க் 2020 நவம்பர் முதல் 2022 ஜூன் வரை மாதந்தோறும் வெளியிட்ட பட்டியல் இன்னொன்று. மாக்ஸ் ரோசர் தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து இயங்கும் 'அவர் வேர்ல்ட் இன் டேட்டா' மூன்றாவது. முதல் இரண்டும் முடிந்த விடையைக் கையில் கொடுத்துவிடுகின்றன. மூன்றாவது, கணக்குப் போடத் தேவையான எண்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று பெயரெடுத்த ஊர்க்காரன் அசல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பரிந்து பேசுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். மூன்றையும் புழங்கிப் பார்த்த பிறகே மூன்றாவதைப் பரிந்துரைக்கிறேன், அதுவும் சில நிபந்தனைகளோடு.

தரவரிசைகளின் மீது எனக்கு நம்பிக்கை குறைந்ததற்குத் தொற்று வருவதற்கு முன்பே வெளியான ஒரு பட்டியலும் காரணம். 2019 அக்டோபரில் வெளியான உலகச் சுகாதாரப் பாதுகாப்புக் குறியீடு, பெருந்தொற்றை எதிர்கொள்ள மிகவும் ஆயத்தமாக உள்ள நாடு அமெரிக்கா என்றும், அடுத்தது பிரிட்டன் என்றும் சொன்னது. இந்தியாவுக்கு 57-ஆம் இடம் கிடைத்தது. பிறகு அமெரிக்காவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆய்வகங்களையும் சட்டங்களையும் எண்ணி மதிப்பெண் போட்டவர்களால், அவற்றைக் கையாளப் போகும் அரசியலுக்கும் அவற்றை நம்பப் போகும் மக்களுக்கும் மதிப்பெண் போட முடியவில்லை.

லோவி தரவரிசை அந்தப் பிழையைச் செய்யவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் நூறாவது நோயாளி கண்டறியப்பட்ட நாளிலிருந்து 36 வாரங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, நோயாளிகள், இறப்புகள், பரிசோதனைகள் ஆகியவற்றை வைத்து 98 நாடுகளை வரிசைப்படுத்தியது. நியூசிலாந்து முதலிடம், வியட்நாம் இரண்டாமிடம், தைவான் மூன்றாமிடம்; பிரேசில் கடைசி; இந்தியா 86. எல்லா நாடுகளுக்கும் ஒரே தொடக்கக் கோடு போட்டது நியாயமான ஏற்பாடு. ஆனால் முடிவுக் கோட்டை 2021-இன் வாசலிலேயே போட்டுவிட்டார்கள். 2020 ஜூலை இறுதி வரை ஒரு கொரோனா இறப்பைக்கூடப் பதிவு செய்யாத வியட்நாம், 2021-இல் டெல்டா வகை ஹோ சி மின் நகருக்குள் புகுந்த பிறகு, அந்த ஆண்டு முடிவதற்குள் 30,000-க்கும் மேற்பட்டோரை இழந்தது. இந்தியாவின் இரண்டாம் அலையும் லோவி பட்டியலுக்குப் பிறகு வந்ததுதான். ஆகவே இந்தத் தரவரிசையை முதல் ஆண்டின் நிலவரமாக மட்டும் மேற்கோள் காட்டலாம்.

புளூம்பெர்க் பட்டியலைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தடுப்பூசி, பயணச் சுதந்திரம், பொருளாதார மீட்சி என அளவுகோல்கள் இடையிடையே மாறியதால், 2020 நவம்பரில் நியூசிலாந்து முதலிடம், 2021 ஜூனில் அமெரிக்கா முதலிடம், 2022 ஜூனில் தென்கொரியா முதலிடம் என்று வந்தது. முதலீட்டாளர்களுக்கு அது உதவியிருக்கலாம்.

இனி மூன்றாவது தளம். கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, பதிவு செய்து உள்ளே போக வேண்டியதும் இல்லை. நாடுகளைத் தேர்ந்தெடுத்தால் கோடுகள் வருகின்றன. கீழே உள்ள காலப் பட்டையை இழுத்து, வேண்டிய மாதங்களை மட்டும் பார்க்கலாம். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று மாற்றிக்கொள்ளலாம். வரைபடத்துக்குப் பின்னால் உள்ள எண்கள் முழுவதையும் அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் மூலம் குறிக்கப்பட்டிருக்கிறது. தமிழில் கிடைப்பதில்லை என்பது ஒரு குறை. கைபேசியில் ஐந்தாறு நாடுகளுக்கு மேல் சேர்த்தால் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன என்பது மற்றொன்று. கணினி மையத்துக்குப் போய்ப் பார்ப்பதே உத்தமம்.

மூலம் மாறியதை அறிந்து பார்ப்பது அதைவிட முக்கியம். தொற்று எண்ணிக்கைக்கு இந்தத் தளம் முதலில் ஐரோப்பிய நோய்த்தடுப்பு மையத்தையும், 2020 இறுதியிலிருந்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் நம்பியிருந்தது. 2023 மார்ச் 10 அன்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் தன் கணக்கை முடித்துக்கொண்டதால், உலக சுகாதார நிறுவனத்தின் எண்களுக்கு வந்தது. அந்த நிறுவனம் தைவானைத் தனி நாடாகக் கணக்கிடுவதில்லை. 2020 முழுவதிலும் ஏழே இறப்புகளோடு தப்பித்த, பாடம் கற்க மிகவும் ஏற்ற ஓர் இடத்தை இந்த எண்களுக்குள் தனியே தேடிப் பிடிப்பது சிரமம்.

நிபந்தனைகள் என்று சொன்னேன். முதலாவது: 'உறுதி செய்யப்பட்ட இறப்புகள்' என்ற கட்டத்தை வைத்து நாடுகளை ஒப்பிடக் கூடாது. அந்த எண், நோய் எவ்வளவு பேரைக் கொன்றது என்பதோடு, அரசு எவ்வளவு பேரைப் பரிசோதித்து எவ்வளவு நேர்மையாக எழுதிக்கொண்டது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. பெரு நாடு 2021 மே 31 அன்று தன் கணக்கைத் திருத்தி, 69,342 என்றிருந்த இறப்புகளை 1,80,764 என்று ஒப்புக்கொண்டது. மக்கள் தொகை விகிதத்தில் பார்த்தால், ஒரே நாளில் அது உலகப் பட்டியலில் மிக மோசமான நாடாகிவிட்டது. திருத்திக்கொள்ளாத நாடுகள் நல்ல பெயரோடு நிற்கின்றன. இந்த அநீதியைத் தவிர்க்க, வழக்கமாக எதிர்பார்க்கப்படும் இறப்புகளைக் காட்டிலும் எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று காட்டும் 'கூடுதல் இறப்பு' கட்டத்துக்குப் போக வேண்டும். தளத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான். நியூசிலாந்தின் கோடு 2020-இல் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்குவதை, அதாவது வழக்கத்தைவிடக் குறைவானவர்களே இறந்ததை, அங்கே கண்ணால் பார்க்கலாம்.

அதே கட்டத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் கோடே வராது. வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் நாடு முழுவதற்குமான இறப்புக் கணக்கை நாம் வெளியிடுவதில்லை. எனவே கணித மாதிரிகளை வைத்துச் செய்த கணிப்புகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அவற்றைச் சுற்றி வரையப்பட்டிருக்கும் ஐயப் பட்டை, அதாவது உண்மை எண் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்று காட்டும் பட்டை, கணிப்பின் கோடு முழுவதையும் விழுங்கும் அகலத்தில் இருக்கிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது; அரசின் கணக்கு 4.81 லட்சம். கணிப்பு முறையே தவறு என்று இந்திய அரசு மறுத்தது. பின்னர் 2025-இல் வெளிவந்த பிறப்பு இறப்புப் பதிவுக் கணக்கின்படி, 2020-இல் 81 லட்சமாக இருந்த பதிவான இறப்புகள் 2021-இல் 1.02 கோடியாக ஏறியிருந்தன. பதிவு செய்யும் பழக்கம் கூடியதால் வந்த ஏற்றமும் அதில் உண்டு என்றாலும், அவ்வளவு பெரிய ஏற்றத்தை அது மட்டுமே விளக்கிவிடாது.

இரண்டாவது நிபந்தனை, ஒரு நாட்டுக்கு ஒரு கோடு என்ற ஏற்பாட்டை ஐயத்தோடு பார்ப்பது. சிங்கப்பூர் குறைந்த இறப்புகளோடு பல பட்டியல்களில் நல்ல இடத்தில் இருக்கிறது. ஆனால் 2020 டிசம்பரில் அந்த அரசே தெரிவித்தபடி, விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போன பிள்ளைகள் பலரும் ஓர் அறையில் அடுக்குக் கட்டில்களில் தங்கியிருந்த விடுதிகள் அவை. நகரில் நோய் தணிந்த பிறகும் அவர்களுக்கு வெளியே போகும் அனுமதி பெரும்பாலும் வேலைக்கு மட்டுமே என்ற நிலை நீடித்தது. அவர்கள் இளைஞர்களாக இருந்ததால் இறப்பு குறைந்தது. நாட்டின் ஒற்றைக் கோட்டில் இவை எதுவும் தெரியாது.

மூன்றாவது நிபந்தனையே எனக்கு முதன்மையானது. திறமை என்றால், கொடுத்த விலைக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கும் அதில் சேர வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிளாவட்னிக் பள்ளி தொகுத்த கட்டுப்பாட்டுக் குறியீட்டையும் இந்தத் தளம் வரைந்து காட்டுகிறது. பள்ளி மூடல், பணியிட மூடல், போக்குவரத்து நிறுத்தம் என ஒன்பது அம்சங்களை வைத்து 0 முதல் 100 வரை மதிப்பெண். 2020 மார்ச் இறுதியில் இந்தியா 100-ஐத் தொட்டது. சட்டத்தால் ஊரடங்கு போட முடியாத ஜப்பான் அதில் ஏறக்குறைய பாதி அளவைச் சுற்றியே நின்றது. அந்நாட்டின் மக்கள் தொகையில் முதியவர்கள் மிகுதி என்றாலும், முதல் இரண்டு ஆண்டுகளில் அதன் கூடுதல் இறப்பு உலகின் மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. ஊரடங்கைத் தவிர்த்த சுவீடன் 2020-இல் நார்வே, பின்லாந்து ஆகிய அண்டை நாடுகளைவிட மோசமாக இழந்தது; ஆனால் மூன்று ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால், ஐரோப்பாவில் குறைவாக இழந்த நாடுகளோடு சேர்ந்துவிடுகிறது. நூற்றுக்கு நூறு வாங்கிய நாமோ, அவகாசம் கிடைத்தும், 2021 ஏப்ரலில் ஆக்சிஜனுக்கு அலைந்தோம். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் ராக்கெட் எஞ்சினுக்காக இருந்த திரவ ஆக்சிஜனை மருத்துவமனைகளுக்கு அனுப்ப வேண்டி வந்தது நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே நடந்தது.

அந்த நூறு மதிப்பெண்ணின் விலையை எந்தக் கட்டமும் காட்டுவதில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு, கடையிலிருந்து இலையும் தூளும் வந்தால்தான் அன்றைய கூலி. கடை அடைத்ததும், மடியில் வைத்துச் சுற்றும் சொளவு (முறம்) சுவரோரம் சாய்ந்தது. வீட்டில் இருந்தபடியே செய்யும் வேலையும் ஊரடங்கில் நின்றுபோனது. குறியீட்டில் இது 'பணியிட மூடல்' என்ற ஓர் இலக்கம். அரசு அறிவித்த கட்டுப்பாட்டின் கடுமையைத்தான் அது அளக்கிறது, நாட்டின் ஒரு பகுதியில் இருந்த மிகக் கடுமையான விதியைக்கூட முழு நாட்டுக்கும் குறித்துக்கொள்கிறது. பட்டவர்களின் இழப்பு அதன் வேலை அல்ல என்று தொகுத்தவர்கள் சொல்வார்கள், அது சரியும்கூட. பயன்படுத்துகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

மாவட்ட அளவில் எழுத நினைப்பவர்களுக்கு இந்தத் தளத்தில் ஒன்றும் கிடைக்காது. கேரளமும் பீகாரும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடுகின்றன; 2021 ஜூன், ஜூலையில் நடந்த நான்காம் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் ரத்தத்தில் கொரோனா எதிர்ப்புப் பொருள் இருந்தவர்கள் மத்தியப் பிரதேசத்தில் 79 விழுக்காடு, கேரளத்தில் 44.4 விழுக்காடு என்ற அளவுக்கு வேறுபாடு இருந்தும். கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர், தமிழ்நாடு சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட செய்திக் குறிப்புகளுக்குத்தான் போக வேண்டும். ஒவ்வொரு இறப்புக்கும் வயது, மாவட்டம், மருத்துவமனை, இணை நோய்கள் வரை எழுதப்பட்ட நல்ல ஆவணம் அது. சென்னையில் விடுபட்டிருந்த 444 இறப்புகள் 2020 ஜூலை 22-இல் சேர்க்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கலாம். தென்காசி 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதால், பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது இரண்டு மாவட்டங்களின் எண்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண்: அவர் வேர்ல்ட் இன் டேட்டாவுக்கு ஐந்துக்கு நான்கு, லோவிக்கு இரண்டரை, புளூம்பெர்க்குக்கு ஒன்று.