மண்டபம் கரையில் மீக்கணினி: கூலிங் டவரா, கடல்நீரா, உலர் கூலரா?

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் கடற்கரையில் மீக்கணினி (சூப்பர்கம்ப்யூட்டர்) வைத்தால் அதை எப்படிக் குளிரூட்டுவது? அதற்குள் போகிற மின்சாரம் முழுக்க வெப்பமாகத்தான் வெளியே வரும். 1 மெகாவாட் இயந்திரம் என்றால் இரவும் பகலும் 1 மெகாவாட் வெப்பத்தைத் தள்ள வேண்டும். வெளிக்காற்றை நேரே உள்ளே விடும் பேச்சே இங்கு வேண்டாம். கணினி அறைகளுக்கு ஆஷ்ரே (அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கம்) பரிந்துரைக்கும் பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, அதிகபட்சம் 15 டிகிரி. இந்தக் கரையில் அது 25-ஐ ஒட்டி நிற்கும், உப்பும் கூடவே வரும்.

மின்கணக்கில் முந்துவது, நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவர். கோடையிலும் 32 டிகிரி நீர் தரும். ஆனால் 1 மெகாவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 36,000 லிட்டர் ஆவியாகும், உப்பு ஏறாமலிருக்கத் திறந்துவிடுவது தனி. காவிரிக் கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டத்தில் அதைக் கேட்பது நியாயமே இல்லை. கடல்நீரை நன்னீராக்கினால் மின்செலவு பெரிதாகாது, உவர்க்கழிவுதான் சிக்கல்.

கடல்நீரால் நேரே குளிரூட்டுவதென்றால், 5 டிகிரி ஏற்றத்துக்கு விநாடிக்கு 50 லிட்டர் இறைக்க வேண்டும். வெப்பமாற்றித் தட்டுகள் டைட்டானியமாக இருக்க வேண்டும். குழாயில் கொட்டலசு (படகின் அடியில் ஒட்டும் ஓட்டுயிரி) ஒட்டி வளர, பம்ப் திணறும். குளோரின் விட்டால் அதுவும் கடலுக்குள்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 2016-இல் சூடேறிய கடலில் பவளங்கள் வெளுத்தன. அங்கே வெந்நீர் விடக் கூடாது.

மிஞ்சுவது, சிப்பின் மேலேயே குளிர்தட்டு (உள்ளே நீர் ஓடும் உலோகத் தட்டு) வைத்து வெதுநீரைச் சுற்றவிட்டு, உலர் கூலரில் (நீரை ஆவியாக்காமல் விசிறிக் காற்றால் ஆற்றும் ரேடியேட்டர்) ஆற்றுவது. எங்கள் ஓட்டு இதற்கே. வெளியே 36 டிகிரி என்றால் 43 டிகிரி நீர் வரும். ஜெர்மனியின் கார்ச்சிங்கில் 2012-இல் வந்த சூப்பர்மக் என்ற மீக்கணினி, 45 டிகிரி வரையிலான நீரை ஏற்கும்படி கட்டப்பட்டது. நீர் பனிநிலைக்கு மேலேயே இருப்பதால் குழாய் வியர்க்காது. சிப் சூடாக ஓடுவதால் கசிவு மின்னோட்டம் (சிப்புக்குள் வீணாகக் கசியும் மின்சாரம்) கொஞ்சம் கூடும், விசிறிச் செலவும் உண்டு. அதை ஏற்கலாம்.

கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, கூலரின் அலுமினிய இதழ்கள். எப்பாக்சி பூச்சு போட்டதையே வாங்கி, ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேரே அடிக்காதபடி கட்டடத்துக்கு வடகிழக்கில் வையுங்கள். உப்புப் படிவை நல்ல தண்ணீரால் அலசுங்கள். இன்னொன்று, குளிர்தட்டின் மயிரிழைக் கால்வாய்கள். சுற்றும் நீரில் 25 சதவீத புரொப்பிலீன் கிளைக்கால் (நீரில் கலக்கும் குளிர்விப்பு திரவம்), 50 மைக்ரான் வடிகட்டி இரண்டும் கட்டாயம். செம்பு இருக்கும் சுற்றில் அலுமினிய இணைப்பு ஒன்று நுழைந்தாலும் அரிப்பு தொடங்கி, துகள் அடைத்து, சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விலைப்புள்ளிகளில் பி.யூ.இ எண்ணை (மையத்தின் மொத்த மின்சாரத்தைக் கணினிகளின் மின்சாரத்தால் வகுத்த எண்) மட்டும் பார்க்காதீர்கள். சர்வர் விசிறியின் மின்சாரம் கணினிக் கணக்கில் சேர்வதால், விசிறியை எடுத்ததும் மொத்த யூனிட் இறங்கியும் பி.யூ.இ ஏறியதாகத் தெரியலாம். எல்லா விற்பனையாளர்களையும் ஒரே கணக்கீட்டை ஓட்டி, மொத்த யூனிட்டையும் லிட்டரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.