ஆக்சிஜன் சென்சார் மாற்றியதாகச் சொல்லி 11,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், கார் வைத்திருப்பவர்கள் கவனம்

நேற்றுதான் விஷயம் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கோவையில் ஒரு மல்டி பிராண்ட் ஒர்க்‌ஷாப், பெயர் போடவில்லை. என்னுடையது பிஎஸ்6 பெட்ரோல் கார். செக் எஞ்சின் லைட் எரிந்துகொண்டே இருந்தது, மைலேஜும் குறைந்திருந்தது, அதனால் கொண்டுபோய் விட்டேன்.

ஓனர் அவ்வளவு தன்மையாகப் பேசினார். ஸ்கேனரைச் செருகி, பி0135 என்று கோடு (எங்கே பழுது என்று காட்டும் எண்) வந்ததை என் கண்ணெதிரிலேயே காட்டினார். "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சுங்க சார், இப்படியே ஓட்டினா கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போயிடும், அப்புறம் செலவு தாங்காது. ஒரிஜினலே போட்டுத் தர்றேன், நம்ம வீட்டு வண்டி மாதிரி பார்த்துக்கறேன்." ஆக்சிஜன் சென்சார் என்பது எஞ்சின் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்ப்பது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அந்தப் புகையைச் சுத்தப்படுத்துவது. பெட்டியைப் பிரித்துப் புது சென்சாரைக் கையிலேயே கொடுத்தார். நாலு ஒயர், மரையில் கிரீஸ், பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்? லேபரோடு சேர்த்து 11,500 ரூபாய் அனுப்பினேன். சாயங்காலம் வண்டி கைக்கு வந்தபோது லைட் எரியவில்லை.

வாரம் முடிவதற்குள் மறுபடி அதே லைட். போன் செய்தால் "பெட்ரோல் எங்க போட்டீங்க?" என்றார். அடுத்த தடவை "ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) புது சென்சாருக்குப் பழகணுங்க, கொஞ்சம் ஓட்டுங்க" என்றார். அப்புறம் "எலெக்ட்ரிக்கல் பார்ட்டுக்கு வாரண்டி கிடையாதுங்களே". கழற்றிய பழைய சென்சாரைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டுவிட்டார்களாம். நேரில் போனால் கடைப் பையன் "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க" என்கிறான், அவருடைய பைக் வாசலிலேயே நிற்கிறது!

கடைசியில் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டினேன். வண்டியை ராம்பில் ஏற்றி டார்ச் அடித்துக் காட்டினார். சென்சார் நட்டு முழுக்கத் துரு, 22 ஸ்பேனர் பட்ட தடயமே இல்லை, கனெக்டர் லாக்கின் மேல் புழுதி அப்படியே படிந்து கிடக்கிறது. அதை யாரும் தொடவே இல்லை. ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு 11,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

இதைவிடக் கொடுமை, சென்சாரே கெடவில்லை. சென்சார் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யுமாம், அதற்காக உள்ளேயே ஒரு ஹீட்டர் இருக்கிறது, பி0135 என்பது அந்த ஹீட்டர் சர்க்யூட்டுக்கான கோடு. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஹீட்டர் நன்றாகவே இருக்கிறது, அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரை எலி கடித்திருக்கிறது. ஒயரை ஜாயின்ட் போட்டு ஸ்லீவ் மாட்டினார், 400 ரூபாய் வாங்கினார். லைட் போய்விட்டது, இதுவரை வரவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கோடு வந்தாலே சென்சார் போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முதலில் ஃப்யூஸையும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பார்ட்டைக் கையில் வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள். எனக்குத் தந்தது எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டு, நீங்கள் ஜிஎஸ்டி பில்லே கேளுங்கள். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், அந்த 11,500 ரூபாயை விடுவதாக இல்லை.