மரநிழல் வெயிலில் சிபிஎல் ஃபில்டர்: பல மழைக்காலம் பழகிய பிறகு

லென்ஸின் முன் மாட்டித் திருப்பினால் பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடிதான் சிபிஎல் ஃபில்டர். அதன் விலை இறங்கியதும் கேள்விகள் வர ஆரம்பித்துவிட்டன. “அண்ணா, சோலைக்குள்ள எடுக்க சிபிஎல் வாங்கலாமா, இல்ல அந்தக் காசை ட்ரைபாடுக்குப் போடவா?” என்று ஒரு தம்பி கேட்டார். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். எத்தனை மில்லிமீட்டர், எத்தனை அடுக்குக் கோட்டிங் என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. நான் சொல்ல வருவது மரத்தடியைப் பற்றி மட்டும்: மேலே இலைகள், கீழே வெயில் பொட்டுகள்.

வால்பாறைப் பக்கம் மழை விட்ட காலையில் சோலை ஓரமாக நடந்தால் ஒவ்வொரு இலையின் மேலும் வானம் வெள்ளையாகப் படிந்திருக்கும். நம் மனம் அந்த வெள்ளையை ஒதுக்கிவிட்டுப் பச்சையைப் பார்க்கும். கேமரா ஒதுக்காது. ஃபில்டரை மாட்டி ரிங்கை மெல்லத் திருப்பினால் அந்த வெளுப்பு இலை இலையாக விலகும். உள்ளே இருக்கும் பச்சை, நரம்பு, பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் வெளியே வரும். ஓடைக்கல்லின் மேல் ஈரப் பளபளப்பு போய்ப் பாசியின் நிறம் தெரியும். எந்த மென்பொருளாலும் இதைப் பின்னால் கொண்டுவர முடியாது. வெளுப்பால் மூடப்பட்ட நிறம் கோப்புக்குள் பதிவாகியே இருக்காது. இந்த ஒரு காரியத்துக்காக இந்தக் கண்ணாடியின் மேல் எனக்குத் தீராத பிரியம்.

எல்லா இலையிலும் இது வேலை செய்யாது. மெழுகுப் பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளிதான் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும், ஃபில்டர் அதைத்தான் தடுக்கிறது. இலைக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 55 டிகிரி சாய்ந்து பார்க்கும்போது விளைவு உச்சம். நேர் எதிரே நிற்கும் இலையில் மாற்றம் மிகக் குறைவு. சூரியனை எதிரே வைத்து, ஒளி ஊடுருவும் தளிரை எடுக்கிறீர்களா? கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். அங்கே அது வெளிச்சத்தைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்யாது.

தின்பது கொஞ்சநஞ்சம் இல்லை, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). திறந்த வெயிலில் அது பெரிதில்லை. சோலைக்குள் 1/60 நொடியில் எடுத்த காட்சி 1/20 நொடிக்கு இறங்கிவிடும். ட்ரைபாட் கேமராவைத்தான் அசையாமல் பிடிக்கும், இலையைப் பிடிக்காது. காற்றடித்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வை) ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஒரு நன்மையும் உண்டு: இலை மேல் அடிக்கும் வெள்ளைப் பளிச்சு குறைவதால் ஹைலைட், அதாவது படத்தின் மிகப் பளிச்சான இடம், அவ்வளவு சீக்கிரம் வெளுத்துப்போகாது. ஆனாலும் வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரை நம்பிவிடாதீர்கள். படச் சட்டத்தில் பாதிக்கு மேல் நிழல் என்றால் அது நிழலைத் தூக்கி வெயில் பொட்டைச் சாகடிக்கும். நான் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்வதைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் ஒன்றிலிருந்து தொடங்கி, பொட்டின் நடுவில் நிறம் தங்கும்வரை இறக்குவேன். நிழலை ராவ் கோப்பில் (கேமரா பதப்படுத்தாத கோப்பில்) தூக்கிக்கொள்ளலாம், எரிந்த பொட்டை மீட்க முடியாது.

அந்தப் பொட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இலை இடைவெளி சிறிதாக இருந்தால் தரையில் விழுவது இடைவெளியின் வடிவம் இல்லை, சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 கங்கண சூரிய கிரகணத்தன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் மரத்தடியில் நின்றவர்கள் பொட்டெல்லாம் வளையமாக மாறியதைப் பார்த்திருப்பார்கள். வானில் சூரியனின் அகலம் அரை டிகிரி. பத்து மீட்டர் உயரத்து இடைவெளி தரையில் ஒன்பது சென்டிமீட்டர் அளவில் ஒரு வட்டம் போடும். மரம் உயர உயரப் பொட்டு பெரிதாகும், விளிம்பு மெத்தென்றாகும், வெளிச்சமும் தணியும். உயரமான புளியமரத்தடியில் முகங்கள் நன்றாக வருவதும், தாழ்ந்த கிளையின் கீழ் திட்டுத் திட்டாக வெட்டுப்படுவதும் இதனால்தான். முகம் என்றதும் இன்னொன்று: கல்யாண ஜோடியை மரத்தடியில் நிறுத்தி இந்த ஃபில்டரை முழுக்கத் திருப்பினால் தோலின் பளபளப்பு போய் முகம் மாவு பூசியது போல் ஆகிவிடும். நகை மட்டும் பழையபடி மின்னும், ஏனென்றால் உலோகத்தின் பளபளப்பை இது அதிகம் தொடாது. எனக்கு அந்தப் படங்கள் பிடிப்பதே இல்லை.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். மரத்தடியில் லென்ஸ் ஹூட் (பக்கத்து வெயிலைத் தடுக்க லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) கட்டாயம். திறந்த வெளியில் சூரியன் எங்கே என்று தெரியும், முதுகைக் காட்டி நின்றுகொள்ளலாம். காட்டில் இரண்டு இலை விலகினால் ஒரு கதிர் நேராக முன்கண்ணாடியில் விழும், படம் முழுக்க மூட்டமாகிவிடும். ஃபில்டர் மாட்டினால் கண்ணாடி இன்னும் முன்னால் வருகிறது, தொல்லை கூடுகிறது. ஆகவே ஹூட் வேண்டும். ஹூட் போட்டால் ஃபில்டரைத் திருப்ப விரல் உள்ளே போகாது! ஹூட்டைக் கழற்று, ரிங்கைத் திருப்பு, மறுபடி ஹூட்டைப் பூட்டு. பூட்டும் போதே ரிங் நகர்ந்துவிடுகிறது. கிடைமட்டத்திலிருந்து நெடுக்குக்குக் கேமராவைச் சாய்த்தால் கோணம் தொண்ணூறு டிகிரி மாறி, எல்லாம் முதலிலிருந்து. அதற்குள் மேகம் வந்துவிடும். நகராத வெயில் என்று காட்டில் எதுவுமே கிடையாது. நான் தவறவிட்ட நல்ல வெளிச்சத்தில் பெரும்பங்கு இந்தக் கழற்றிப் பூட்டும் வேலையில்தான் போயிருக்கிறது.

இதற்கு விடை எப்போதோ வந்துவிட்டது. ஹூட்டின் அடியில் ஒரு சிறிய திறப்பு, அதன் வழியே விரலை விட்டு ரிங்கைத் திருப்பலாம். பென்டாக்ஸ் கேமரா நிறுவனம் தன் பல ஹூட்களில் இதைக் கொடுத்தது. ஃபுஜிஃபில்மின் 50-140 லென்ஸின் ஹூட்டிலும் உண்டு. நான் காசு கொடுத்து வாங்கிய லென்ஸ் ஒன்றில்கூட இல்லை. ஒரு பிளாஸ்டிக் மூடிக்கும் சிறு துவாரத்துக்கும் எவ்வளவு செலவாகிவிடும்?

முழுக்கத் திருப்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பளபளப்பை அடியோடு துடைத்தால் இலை காகிதமாகிவிடும், வெயில் பட்டதற்கான அடையாளமே போய்விடும். பாதித் திருப்பத்தில் பச்சையும் இருக்கும், மினுக்கமும் மிஞ்சும். அந்தப் பாதியைக் கண்டுபிடிக்கத்தான் விரல் ரிங்கின் மேலேயே இருக்க வேண்டும், அதற்குத்தான் ஹூட் விடமாட்டேன் என்கிறது.

ஆகவே, இத்தனை புகழ்ந்த பிறகும், திறப்பு வைத்த ஹூட் உங்கள் லென்ஸுக்கு இல்லையென்றால் சிபிஎல் வாங்காதீர்கள், எவ்வளவு விலை இறங்கினாலும். அந்தக் காசுக்கு ட்ரைபாடே வாங்குங்கள். என்னுடையது விற்பனைக்கு இல்லை.