அந்தப் படத்தில் சிரிப்பவன் நான்தான், ஆனால் நான் கனடாவுக்குப் போகவில்லை

இன்று மாலை கல்லடியில் ஒரு வீட்டில் ஏணியில் நின்று, டெஸ்டரை வாயில் கவ்விக்கொண்டு பழைய வயரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன். "அண்ணன், கனடாவுக்குப் போய்விட்டீர்களாமே! படம் பார்த்தேன். நானும் திங்கட்கிழமை காசு கட்டப் போகிறேன். அவர்களை நம்பலாம்தானே?" என்று கேட்டான்.

ஏணியிலிருந்து இறங்கி நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படம் இன்னமும், என்னைக் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்ன விசா அலுவலகத்தின் முகநூல் பக்கத்தில் இருக்கிறது. நீலச் சட்டை, கையில் சிவப்பு பைல், பைலில் ஒரு மேப்பிள் இலை, முகம் நிறையச் சிரிப்பு. மேலே "எமது வாடிக்கையாளருக்கு வாழ்த்துகள்" என்று போட்டிருக்கிறார்கள். அந்த வாடிக்கையாளர் நான்தான். அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த விலை 740,000 ரூபா. ஏழு இலட்சத்து நாற்பதாயிரம். இந்தப் பதிவை இன்றிரவே எழுதி முடிக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கை இன்னும் நடுங்குகிறது.

இடத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் என் மேலேயே வழக்குப் போடுவார்கள் என்று தெரிந்த ஒருவர் சொன்னார். மட்டக்களப்பு நகரில், ஒரு கடையின் மாடியில், கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் வைத்த விசா ஆலோசனை அலுவலகம். இப்படிப்பட்டவை கல்முனையிலும் இருக்கின்றன, அக்கரைப்பற்றிலும் இருக்கின்றன. எது என்று குழம்ப வேண்டாம், எதற்குப் போனாலும் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் மின்னிணைப்பு வேலை செய்பவன். வயது 34, பதினொரு வருட அனுபவம். உயர்தரத்தோடு படிப்பை நிறுத்தியவன். பிறகு, செய்த வேலையை வைத்தே பரீட்சித்து என்.வி.கியூ. 4 என்ற தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் தந்தார்கள். 2025 ஜனவரியில் அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டுதான் அந்தப் படிக்கட்டில் ஏறினேன்.

அந்த அலுவலகத்தை நடத்தும் மனிதர் எடுத்த எடுப்பிலேயே காசு கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். கட்டார் வேலை என்று என் மச்சான் ஒருவனை ஏமாற்றியவர்கள் வாயைத் திறந்ததே காசுக்குத்தான், அந்தப் பாடம் எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். இவர் கேட்கவில்லை. சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கினார். வரி வரியாகப் படித்தார். "தம்பி, இந்தத் தொழிலை வைத்துக்கொண்டா இங்கே கிடந்து வேகுகிறீர்கள்?" என்று கேட்டார். கைச்செலவுக்குக் கொண்டுபோயிருந்த இருபதாயிரம் ரூபாவை நானாகவே மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். "இன்றைக்கு ஒரு சதமும் வேண்டாம். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள். அவசரத்தில் கொடுத்துவிட்டு நாளைக்கு என்னைத் திட்டக்கூடாது" என்றார்.

நான் விழுந்தது அந்த இடத்தில். வேறெங்கும் இல்லை. காசைத் திருப்பித் தருகிற மனிதன் திருடனாக இருப்பான் என்று யார்தான் நினைப்பார்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். அவளும் அதைக் கேட்டுத்தான் காப்பைக் கழற்றினாள்.

அவர் சொன்னவற்றில் பாதி உண்மை. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. தொழில் தெரிந்தவர்களுக்கு நிரந்தர வதிவிடம் கொடுக்கக் கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற முறை 2015 முதல் இருப்பது உண்மை. 2023 முதல் மின்னிணைப்பாளர், தச்சர், குழாய் பொருத்துபவர், வெல்டர் போன்றவர்களுக்கென்று தனியாகவும் விண்ணப்பிக்க அழைக்கும் சுற்றுகள் நடத்தினார்கள் என்பதும் உண்மை. அரசாங்கத்தின் தளத்தையே திறந்து, பட்டியலில் என் தொழிலை விரலால் தொட்டுக் காட்டினார். அந்தப் பட்டியலுக்குள் போவதற்கு முன்னால் தாண்ட வேண்டிய வாசல் ஒன்று இருக்கிறது, அதை மட்டும் காட்டவில்லை.

காப்பை வங்கியில் அடகு வைத்தோம். மோட்டார் சைக்கிளை விற்றேன். முதல் தவணை 390,000 ரூபா. இரண்டு வாரத்தில் "பைல் திறந்தாகிவிட்டது" என்று கூப்பிட்டு, மேப்பிள் இலை போட்ட சிவப்பு பைலைக் கையில் கொடுத்து, சுவருக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார்கள். உள்ளே ஆங்கிலத்தில் ஏழெட்டுத் தாள்கள். கடைசித் தாளில் ஓர் இலக்கம். "இதுதான் உங்கள் கனடா இலக்கம், பத்திரமாக வைத்திருங்கள்" என்றார்கள். வீட்டில் சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

ஜூன் மாதம் மறுபடி அழைப்பு. வரிசையில் முன்னுக்கு வருவதற்கான புள்ளி கொஞ்சம் குறைகிறதாம். அங்குள்ள கம்பனி ஒன்றின் வேலைக் கடிதம் எடுத்தால் 50 புள்ளி கூடுமாம். 350,000 ரூபா. மைத்துனியின் சங்கிலி போனது, மீதிக்குச் சீட்டைக் கழித்து எடுத்தேன். வேலைக் கடிதத்துக்குக் கொடுத்துவந்த அந்தப் புள்ளிகளைக் கனடா 2025 மார்ச் 25 அன்றே நீக்கிவிட்டது. இல்லாத புள்ளியைத்தான் மூன்று மாதம் கழித்து எனக்கு விற்றிருக்கிறார்கள்! ஆக மொத்தம் 740,000.

விஷயம் வெளியே வந்த விதம் சிரிப்பாகவும் இருக்கும். எப்படியும் அங்கே போய் ஆங்கிலம் பேச வேண்டுமே என்று, செப்டெம்பரில் ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு வகுப்பு எடுக்கும் ஒரு தங்கையிடம் போனேன். என்னுடைய நிலையை அவர் அறியட்டும் என்று பைலையும் கொண்டுபோனேன். அவர் மூன்றாவது தாளில் நின்றுவிட்டார். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணன், நீங்கள் ஏற்கெனவே கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7 எடுத்திருக்கிறீர்களே. நானே அவ்வளவு எடுக்கவில்லை. பிறகு எதற்கு என்னிடம் வந்தீர்கள்?"

நான் அந்தப் பரீட்சை மண்டபத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. பரீட்சை எழுதியதாகப் போட்டிருந்த நாளில் நான் கல்முனையில் ஒரு திருமண மண்டபத்தில் விசிறி பூட்டிக்கொண்டிருந்தேன், கணக்குக் கொப்பியில் அன்றைய கூலி எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே, மூன்று வருட டிப்ளோமா படித்தவன் என்றும் போட்டிருந்தார்கள். என் பெயரில், என் பிறந்த தேதியில், எனக்குத் தெரியாத ஒரு பெரிய படிப்பாளியை உருவாக்கி உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தத் தங்கை கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. என்னைப் போல வெளிநாட்டிலிருந்து நேரே விண்ணப்பிக்கும் தொழிலாளிக்கு முதல் வாசல் நூற்றுக்கு 67 புள்ளி. இது ஜூனில் சொன்ன வரிசைப் புள்ளி அல்ல, தனிக் கணக்கு. வயது 18 முதல் 35 வரை என்றால் 12, அது எனக்கு உண்டு. ஆறு வருட அனுபவத்துக்கு மேல் 15, அதுவும் உண்டு. படிப்பு உயர்தரத்தோடு நின்றதால் 5. ஆங்கிலத்தில் நான்கு பகுதியிலும் 6 எடுத்துவிட்டேன் என்றே வைத்துக்கொண்டாலும் 16. கூட்டிப் பாருங்கள், 48. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனைக் காட்டி "உறவினர் புள்ளி" என்று அந்த மனிதர் சொன்னாரே, அதுவும் பொய். கூடப்பிறந்தவர்களைக் கணக்கெடுப்பார்கள், மாமா, சித்தி போன்றவர்களையும் கணக்கெடுப்பார்கள், ஒன்றுவிட்ட சகோதரனுக்குப் புள்ளி இல்லை. 19 புள்ளி குறைவு. இது முதல் நாளே அவருக்குத் தெரியும். தெரிந்துதான் பொய்ப் பரீட்சையையும் பொய் டிப்ளோமாவையும் சேர்த்து 72 ஆக்கியிருக்கிறார்.

தொழிலாளருக்கென்று இன்னொரு வழியும் இருக்கிறதாம், ஆங்கிலம் குறைவாகப் போதுமாம். ஆனால் அதற்கு உண்மையான வேலை வாய்ப்போ, அங்குள்ள மாகாணம் ஒன்று தரும் தொழில் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்த "பைல் திறப்பது" இலவசம். கனடா அரசு அதற்கு ஒரு டொலரும் வாங்குவதில்லை. அது விண்ணப்பமும் அல்ல, வரிசையில் பெயர் கொடுப்பது மட்டும்தான். பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகிவிடும். அழைப்பு வந்தால்தான் விண்ணப்பம், அதற்கு 60 நாள் அவகாசம். இலவசமான ஒன்றுக்குத்தான் காப்பு போனது.

அடுத்த நாளே அலுவலகத்துக்குப் போனேன். ஜனவரியில் பால் தேநீர் கொடுத்து உபசரித்த பிள்ளை, "சேர் கொழும்பில்" என்றது. அடுத்த கிழமை "சேர் கூட்டத்தில்". அதற்கடுத்த கிழமை கனடாவில் பொது விடுமுறையாம்! மட்டக்களப்பில் இருக்கும் மனிதரைப் பார்ப்பதற்குக் கனடாவின் விடுமுறை ஏன் குறுக்கே வர வேண்டும்? வட்ஸ்அப்பில் நீல அடையாளம் விழும், பதில் வராது. ஒருநாள் படிக்கட்டிலேயே காத்திருந்து பிடித்தேன். அப்போது "தம்பி" போய்விட்டது. "மிஸ்டர், கையெழுத்துப் போடும்போது படிக்கவில்லையா? கட்டணம் திருப்பித் தரப்படாது என்று எழுதியிருக்கிறது" என்றார். பரீட்சைப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். "விபரம் நீங்கள் கொடுத்ததுதானே" என்றார். கூசாமல் சொன்னார்.

பொலிசில் முறைப்பாடு கொடுக்கும்போதுதான் பற்றுச்சீட்டில் ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது. இரண்டு சீட்டிலும் "பயிற்சிநெறிக் கட்டணம்". கனடா என்ற சொல்லே இல்லை. 740,000 ரூபாவுக்கு நான் ஏதோ வகுப்புப் படித்தேனாம். முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள், பிரதி கையில் இருக்கிறது. காசு எப்போது வரும் என்று யாரிடம் கேட்பது?

காசைவிடப் பெரிய பயம் ஒன்று. பொய் விபரம் கொடுத்ததாக முடிவானால் கனடா ஐந்து வருடத்துக்குக் கதவைச் சாத்திவிடும். பொய் சொன்னது முகவர் என்றாலும் பொறுப்பு நம் தலையில்தான். அந்தக் கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அவர்களிடம் இருக்கின்றன. நாளைக்கு நான் ஒழுங்காகப் படித்துப் பரீட்சை எழுதிப் போக நினைத்தாலும் அந்த 8உம் 7உம் என்னைத் துரத்தி வரும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். காசு கட்டும் முன் அந்த 67 புள்ளியை நீங்களே கூட்டிப் பாருங்கள். உங்கள் பெயரில் திறக்கும் கணக்கின் கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்து தருபவர் அந்நாட்டு உரிமம் பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும், ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியலை எவரும் இணையத்தில் தேடலாம். வெளிநாட்டு வேலை எடுத்துத் தருகிறோம் என்று எவராவது காசு கேட்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். பற்றுச்சீட்டை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். முக்கியமாக, பைலோடு படம் எடுக்க நிற்காதீர்கள்.

எனக்கு அழைத்த தம்பியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "அப்படியா அண்ணன்" என்றான், குரலில் அவ்வளவாக நம்பிக்கை தெரியவில்லை. அவனிடமும் காசை முதல் நாள் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களாம்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்தப் படிக்கட்டில் நிற்பேன். "பயிற்சிநெறிக் கட்டணம்" என்று பற்றுச்சீட்டு வைத்திருக்கும் வேறு எவராவது இருந்தால், சீட்டோடு வாருங்கள்.